பாரமில்லாத பெட்டி

கம்பியூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியை வாங்கும்போது யூட் அதன் லேபிளைப் பார்ப்பதில்லை. ஐந்நூறு வாட் என்று எந்த மடையனும் அடித்து ஒட்டலாம். கையில் தூக்கிப் பார்க்கவேண்டும், பாரமானதுதான் தாங்கும். சண்டையால் பாதை பூட்டி, கொழும்புச் சாமான் வராத அந்த மாதம், மன்னார் பஜாரில் அவனுடைய கம்பியூட்டர் கடையில் பாரமானது ஒன்றும் பாரமில்லாதது ஒன்றும்தான் மிஞ்சியிருந்தன.

பக்கத்துக் கடையில் கலியாண வீடியோ எடிட் செய்யும் சிவலட்சுமி, பாதை பூட்டுவதற்கு முன்பே தம்பி கனடாவிலிருந்து அனுப்பியிருந்த புதுக் கிராபிக்ஸ் கார்டோடு, அதற்கு ஒரு பவர் சப்ளை வாங்க வந்தாள்.

"இந்தக் கார்டுக்கு ஐந்நூறு வாட் காணுமே அண்ணை?"

"ஓம், தாராளமாக் காணும்" என்று பாரமில்லாததை எடுத்துக் கொடுத்தான். மற்றதை அன்று பின்னேரமே தன்னுடைய கம்பியூட்டருக்குப் பூட்டிக்கொண்டான்.

அடுத்த கிழமை அவள் வந்து, கருகிப்போன கார்டை மேசையில் வைத்தாள். கடை முழுக்கத் தீய்ந்த மணம்.

"என்ர பிழைதான் அண்ணை. கரண்ட் வருமட்டும் பொறுத்திருக்கலாம். அவசரத்தில ஜெனரேட்டரில போட்டிட்டன். அது எரிச்சுப்போட்டுது."

அந்த நாட்களில் மன்னாரில் எது எரிந்தாலும் பழி ஜெனரேட்டருக்குத்தான். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. யூட் தலையை ஆட்டினான்.

வாசல்வரை போனவள் திரும்பினாள். இரண்டு கடைக்கும் ஒரே ஜெனரேட்டர்தான்.

"உங்கட கம்பியூட்டருக்கு ஒண்டும் நடக்கேல்லையே?" உண்மையான கவலையோடுதான் கேட்டாள்.

அவனுக்குப் பின்னால் அந்தக் கம்பியூட்டர் இரைந்துகொண்டிருந்தது.

"இல்லை."

"நல்ல காலம் அண்ணை" என்றாள். "அது எண்டாலும் தப்பிச்சுது."