எழும்ப வேண்டியவர்கள்

பாரிஸின் லா சப்பல் வட்டாரத்தில், ரூ காய் என்ற தெருவில் பாலச்சந்திரனின் சாப்பாட்டுக்கடை. மத்தியானக் கூட்டம் கலைந்து, மேசைகளை ஓரமாக ஒதுக்கி, ஒத்திகைக்காக மூன்று பேர் இருக்கக்கூடிய நீள வாங்கை நடுவில் போட்டபோது, நாடகத்தில் ஒருவரும் ஏற்காத பெடியன் வேஷத்தில் தானே நடிப்பதாக ரோமன் சொன்னான்.

பழைய மாணவர் சங்க ஆண்டுவிழாவுக்கு அவன் மனைவி டிலானி எழுதிய நாடகம் அது. எழுதி முடித்த மாதமே ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பவில்லை. முதற்காட்சி 1931. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கிறது, கல்லூரி மாணவர்கள் சுயராச்சியம் கேட்டுக் கோஷம் போடுகிறார்கள். அதற்கு ஆளுக்குத் தட்டுப்பாடே இல்லை. பகிஷ்கரித்தவர்களின் பேரர்கள் அத்தனை பேரும் லா சப்பலுக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார்கள் போலும்.

இரண்டாம் காட்சி அதே மாணவர்களின் வகுப்பறை. அதுவரை நிலத்தில் இருந்து படித்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெடியன் ஒருவன் முதன்முதலாக வாங்கில் வந்து இருக்கிறான். கோஷம் போட்டவர்கள் எழுந்து வெளியேறுகிறார்கள். அந்தப் பெடியனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. நடித்தவனை அந்தச் சாதி என்றே சனம் முடிவுகட்டிவிடும்.

சங்கத் தலைவரான பாலச்சந்திரன் ரோமனைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, உந்தச் சீனை வெட்டுவம். காங்கிரஸோடை முடிச்சா வடிவாயிருக்கும்."

"டிலானி வெட்டேல்லை."

"அவ போயிட்டா, பாவம். நீர் இருக்கிறீர், இளம் வயசு. நாளைக்கு உமக்கொரு பொம்பிளை பாக்கேக்கை, பெடியன் என்ன ஆக்கள், என்ன சாதி எண்டு என்னைத்தான் கேப்பினம். நான் என்னத்தைச் சொல்ல?"

"அந்த ஆக்கள்தான் எண்டு சொல்லுங்கோ."

"விசரோ உமக்கு?"

ரோமன் திரும்பி நடந்தான். டிலானியின் அடக்கத்துக்குப் பிறகு எவர் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தவன் அவன். போய் வாங்கின் நுனியில் இருந்தான். நடுவில், மாணவரில் ஒருவனாக நடிக்கும் கரிகாலன் இருந்தான். மறுநுனிக்குப் பாலச்சந்திரன் வந்து சேர்ந்தார். நாடகத்தில் மாணவர் தலைவர் அவர்தான்.

"அண்ணை, முதல் எழும்புறது நீங்கள்," என்றான் கரிகாலன்.

"ஏன், நீர் எழும்புமன்!"

"நானோ? என்ரை அப்பப்பா, எல்லாச் சாதியும் ஒரே வாங்கிலை எண்ட சம ஆசனத்துக்கு உயிரைக் குடுத்த மனுசன்."

"என்ரை அப்பப்பா மட்டும் என்ன!"

"அப்ப ஆரின்ரை அப்பப்பாதான் எழும்பிப் போனது?" என்று ரோமன் கேட்டான்.

கரிகாலன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"எழும்புங்கோ அண்ணை. நான் இதை விட்டு எழும்பமாட்டன். விழாவிலையும் எழும்பமாட்டன்."

வெளியே மரக்கறிப் பைகளோடு போனவர்கள் கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தார்கள். கரிகாலன் மெல்ல ரோமனின் பக்கம் நகர்ந்தான். பாலச்சந்திரன் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி அரைவாசி எழுந்தார். முழுக்க எழவும் இல்லை, திரும்ப இருக்கவும் இல்லை. ரோமன் பக்கத்துப் பாரத்தில், அவர் பக்கத்து வாங்குக்கால் நிலத்தை விட்டு மெதுவாகக் கிளம்பியது.