ஏற முடியவில்லை

அந்த வீட்டு வாசலில் ஏழு படிகள். ஏழு படியையும் டிரைவர் ஹாரன் மூன்றே எட்டில் தாண்டி இறங்குவதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேசியப் பூங்காவுக்குள் சுற்றிக் காட்டும் பஸ்ஸை இருபத்தாறு வருடம் ஓட்டியவர் அவர். வளைவு வந்தாலும் வராவிட்டாலும் ஹாரன் அடிப்பார் என்பதால் அந்தப் பெயர். ஓய்வு பெற்ற ஐந்தாம் மாதம் பக்கவாதம் வந்து வலது பக்கத்தைச் சாய்த்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான்கு பேர் அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி மேலே விட்டார்கள். எட்டு மாதம் ஆகிவிட்டது, மனிதர் மண்ணை மிதிக்கவில்லை.

அவர் மனைவி தையல்காரி. பூங்காக் காவலர்களின் சீருடையெல்லாம் அவள் கைவேலைதான். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. படிகளின் மேல் ஒரு சாய்தளம் போட்டு, அந்த மனிதரை ஒரு நாளாவது புல்தரையில் கொண்டுபோய் விட வேண்டும். தச்சரை வரவழைத்து அளவும் எடுத்தாயிற்று.

அங்கேதான் சிக்கல். பூங்கா வருவதற்கு முன்பே இருந்த வீடு அது. எதிர்மலையில் ஒரு காட்சிமுனை இருக்கிறது. அங்கே நின்றால், பச்சைச் சரிவின் நடுவே இந்த ஒற்றை வீடு, பின்னால் பாறை, அவ்வளவுதான் தெரியும். அந்தக் காட்சியைத்தான் நுழைவு டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். ஆகவே காட்சிமுனையிலிருந்து கண்ணில் படும் எதையும் குடியிருப்பவர்கள் மாற்றக் கூடாது. கதவுக்கு வேறு நிறம் அடிக்கக் கூடாது. முன்பக்கம் துணி காயப்போடக் கூடாது. சுவரின் உள்பக்கம் அவர்களுடையது, வெளிப்பக்கம் பூங்காவுடையது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மனு கொடுத்தாள். நிலக்காட்சி அதிகாரி நேரில் வந்தார். எந்நேரமும் சட்டைப்பையில் அளவுநாடா இருப்பதால் ஊழியர்கள் அவரை டேப்பு என்பார்கள். கெட்டவர் இல்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார்.

"எனக்குப் புரியாம இல்லம்மா. குடியிருக்கறவங்க புதுசா எதுவும் கட்டக் கூடாது. அப்படித்தான் எழுதியிருக்கு."

"நான் கட்டலையே சார். பலகையச் சாய்ச்சு வைக்கிறேன்."

"சாய்ச்சு வச்சாலும் அங்கேருந்து தெரியுமே."

உள்ளே நாற்காலியிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. "நானும்தான் தெரியறேன். என்னையும் எடுத்துட்டுப் போகச் சொல்லு."

டேப்பு சிரிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, மனுவை மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லிப் போனார். ஒன்பது வாரம் பதிலே இல்லை. ஹாரன் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் ஓட்டிய பஸ்ஸை வேறொருவன் ஓட்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் திட்டினார். பிறகு திட்டுவதையும் விட்டுவிட்டார். அவளுக்கு அதுதான் பயமாகிவிட்டது.

ஒரு காலையில் பொறுக்க முடியாமல் இரண்டு பலகைகளை எடுத்துப் படிமேல் போட்டாள். ஒரு மணி நேரத்துக்குள் ஜீப் வந்து நின்றது. காட்சிமுனையில் போட்டோ எடுத்த ஒருவர், வீட்டு முன்னால் வெள்ளையாக ஏதோ கிடந்து படத்தைக் கெடுக்கிறது என்று புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டாராம். காவலர்கள் அவள் தைத்த சீருடையோடு வந்து, தலையைக் குனிந்துகொண்டே பலகைகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. குடியிருப்பவள் கேட்டால் ஒன்பது வாரம். பார்வையாளர் கேட்டால் ஒரு மணி நேரம்.

நேரே டிக்கெட் கவுண்டருக்குப் போனாள். உள்ளே இருந்தது அவளுடைய நாத்தனார் மகள். மாமா பேரில் ஒரு டிக்கெட் கொடு, புகார்ப் புத்தகத்தையும் எடு என்றதும் அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள். தையல்காரி புத்தகத்தை விரித்து, 'படியில் இறங்க முடியவில்லை' என்று எழுதப் போனபோது அந்தப் பெண் தடுத்தாள்.

"அத்தை, இறங்க முடியலன்னு எழுதினா வீட்டுக்காரங்கன்னு தெரிஞ்சுடும். வந்து பாக்கறவங்க ஏறத்தானே செய்வாங்க? ஏற முடியலன்னு எழுதுங்க."

சரிதானே என்று தோன்றியது. 'சக்கர நாற்காலியில் வந்தேன். டிக்கெட்டில் உள்ள வீட்டின் படிகளில் ஏற முடியவில்லை. சாய்தளம் இல்லை' என்று எழுதி, கணவர் பெயரில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தாள்.

இருபதாம் நாள் லாரியில் சாய்தளம் வந்தது. புல்லோடு புல்லாகத் தெரியும்படி பச்சைக் கற்கள் பதித்து, கைப்பிடியெல்லாம் வைத்து, டேப்பு தானே நின்று பொருத்தினார். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாதா என்ன? பார்வையாளர் வசதி என்றால் காட்சி விதி குறுக்கே நிற்காது என்று சந்தோஷமாகவே சொன்னார். கடைசியில் ஒரு தாளை எடுத்தபோதுதான் அவர் முகம் மாறியது.

ஏற வசதி செய்தால் ஏறிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். எனவே பத்து மணி முதல் நான்கு மணி வரை முன்னறை திறந்திருக்க வேண்டும். வீட்டார் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் சாய்தளத்தைக் கழற்றி அதே லாரியில் ஏற்றியாக வேண்டும்.

"கையெழுத்துப் போடாதே. நம்ம வீட்டுல ஊரே செருப்போட நடக்கும்," என்றார் ஹாரன்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. மிஷின் மேலிருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல அவரைக் கீழே இறக்கினாள். புல்லில் விட்டதும் இடது காலால் செருப்பை உதறித் தள்ளிவிட்டு, பாதத்தை ஈரத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார் என்பதை அவள் கவனித்தாள். கவனிக்காதது போல் மேலே ஏறிப் போனாள், ஏனென்றால் மணி பத்தாகிக்கொண்டிருந்தது.

முதல் பஸ் வந்தது. சாய்தளம் நிறைய ஆட்கள். சிலர் அலமாரியை எட்டிப் பார்த்தார்கள், சிலர் அவள் மிஷின் மிதிப்பதைப் படம் எடுத்தார்கள். ஒரு பெண்மணி, இங்கே உண்மையிலேயே யாராவது இருக்கிறார்களா என்று அவளிடமே கேட்டாள். பதினொன்றரைக்குக் கொஞ்சம் கூட்டம் விலகியதும் தையல்காரி ஜன்னலுக்கு வந்தாள்.

"மேல வரணுமாங்க?"

"வேண்டாம். வெயில் நல்லா இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ இறங்கி வாயேன். ரெண்டு பேரும் வாய்க்கால் வரைக்கும் போய்ட்டு வரலாம்," என்றார்.

அவள் அறையைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிலின் விளிம்பில் யாரோ உட்கார்ந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி வர்றது? நான் இறங்கினா வீட்டப் பூட்டணும். பூட்டினா இதக் கழட்டிட்டுப் போயிடுவாங்க."

அவர் பாதத்தைப் புல்லிலிருந்து எடுத்து நாற்காலியின் மிதியில் வைத்துக்கொண்டார். பஸ் அடுத்த ஆட்களோடு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் போய் மிஷினில் உட்கார்ந்தாள்.