யாரும் பிடித்து வைக்கவில்லை

கடலூர் கோட்டாட்சியர் அலுவலகத்தில் பெயரைக் கூப்பிட்டதும் மூன்று பேரும் ஒன்றாகவே எழுந்தார்கள். காடாம்புலியூரிலிருந்து ஒரே பேருந்தில் வந்து, கட்டிக்கொண்டு வந்த இட்லியை வேப்பமரத்தடியில் பிரித்து ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். இதில் கொத்தடிமை யார், வைத்திருப்பவர் யார் என்று கூப்பிட்ட உதவியாளருக்குத் தெரியவில்லை.

கொளஞ்சியப்பனுக்கு ஊரில் முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கும் கொட்டகை இருந்தது. தேவநாதன் அவருடைய இறந்துபோன அக்காவின் மகன். சிறு வயதில் வந்தவனை வளர்த்து, ஐ.டி.ஐ. படிக்க வைத்து, ஒரே மகள் சத்யப்பிரியாவையும் கட்டிக்கொடுத்திருந்தார். கொட்டகையில் எல்லா வேலையும் அவன்தான். சம்பளம் என்று ஒன்று கிடையாது. கேட்காமலே சட்டை எடுத்துத் தருவார். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக் கொடுப்பார்.

கூடப் படித்த ஜெயப்பிரகாஷ் சிதம்பரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்து, தேவநாதனை வேலைக்குக் கூப்பிட்டான். தேவநாதன் மாமாவிடம் சொன்னான். அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. இவன் போய்க் கொட்டகை அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் எழுந்து சாப்பிட்டார். மறு வருஷமும் அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு ஜெயப்பிரகாஷின் போனை அவன் எடுப்பதில்லை.

சத்யப்பிரியாவுக்கு இப்போது ஐந்தாம் மாதம். ஒரு நாள் பக்கத்துக் கொல்லையில் பம்புசெட்டு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு புருஷன் பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டாள். கொட்டகையில் அவன் பாடி அவள் கேட்டதே இல்லை. அன்று சாயங்காலம் ரேஷன் கடைச் சுவரில் எழுதியிருந்த தொழிலாளர் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். சம்பளம் உண்டா, விட்டுப் போக முடியுமா என்று போனை எடுத்த பெண் கேட்டாள். இரண்டுக்கும் இவள் இல்லை என்றாள். அவ்வளவுதான். கொத்தடிமை என்ற வார்த்தையை அவள் சொல்லவே இல்லை. விசாரணைக்கு வரச்சொல்லி வந்த தாளில்தான் அது இருந்தது. இது எதிர்க் கொட்டகைக்காரன் வேலை என்றார் கொளஞ்சியப்பன். அவள் வாயைத் திறக்கவில்லை.

கோட்டாட்சியர் ஸ்வர்ணலதா சின்ன வயசுதான். இலவச சட்ட உதவிக்காகச் சிதம்பரத்திலிருந்து சிவசுப்ரமணியன் என்ற வக்கீல் வந்திருந்தார். பூட்டி வைத்தார்களா, முன்பணம் வாங்கினாயா என்று அதிகாரி கேட்க, தேவநாதன் இல்லை இல்லை என்று தலையாட்டினான். அடித்தார்களா என்று கேட்டபோது மட்டும் மனம் நொந்து, "மாமாவா?" என்றான்.

"பெத்த புள்ளைக்கி எவனாவது கூலி குடுப்பானா மேடம்?" என்றார் கொளஞ்சியப்பன்.

சங்கிலி வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை, வழக்கம் என்ற பெயரில் கூலியில்லாமல் உழைத்து விட்டுப்போக முடியாமல் இருந்தாலே போதும் என்றார் வக்கீல். அப்படிப் பார்த்தால் வீட்டுக்கு வீடு மருமகள்களைக் கொத்தடிமை என்று எழுத வேண்டிவரும் என்றார் ஸ்வர்ணலதா. எழுதத்தான் வேண்டுமோ என்னவோ என்றார் வக்கீல். அதிகாரி சிரித்துவிட்டு, தேவநாதன் பக்கம் திரும்பினார்.

"யாரும் புடிச்சி வைக்கலன்னா ஏன் போவல?"

"போனா மாமா சாப்புட மாட்டாரு மேடம்."

டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். ஒரு மனிதர் பட்டினி கிடப்பது சட்டப்படி கட்டாயப்படுத்துவது ஆகுமா என்று அதிகாரியும் வக்கீலும் நிஜமாகவே வாதாடினார்கள். அது பாசம் என்றார் அதிகாரி. வேறு வழியே இல்லாமல் செய்கிற எதுவும் கட்டாயம்தான், பாசத்துக்கு மட்டும் விலக்கு என்று எந்தப் பிரிவில் இருக்கிறது என்று வக்கீல் கேட்டார். தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே மறந்து மூன்று பேரும் மாறி மாறி அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ஸ்வர்ணலதா, இதற்கு இன்றே முடிவு எழுத முடியாது, மேலே கேட்க வேண்டும், அதுவரை உழைக்கிறவனுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும் என்று சொல்லி விசாரணையைத் தள்ளிவைத்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் கொளஞ்சியப்பன், எதிர்க் கொட்டகைக்காரனை என்ன செய்யலாம் என்று ஆரம்பித்தார்.

"நாந்தாம்ப்பா போன் பண்ணன்" என்றாள் சத்யப்பிரியா.

அவர் நின்றார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"எங்கிட்ட கேட்ருக்கலாம்ல?"

"கேட்டா நீ படுத்துக்குவியேப்பா."

பேருந்து நிலையம் வரைக்கும் அவர் முன்னால் நடந்தார். ஊருக்குப் போகிற பண்ருட்டி வண்டி நிற்கும் இடத்தைத் தாண்டிப் போனார். தேவநாதன் கூப்பிட்டும் திரும்பவில்லை. சிதம்பரம் பேருந்து ஒன்று உள்ளே வந்து திரும்ப, கூட்டம் ஓடியது. அவரும் ஓடினார். தோளில் கிடந்த துண்டை உருவி, நாலு பேரை இடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வீசி ஒரு சீட்டில் போட்டார்.

"வயித்துப்புள்ளக்காரி நின்னுகிட்டுப் போவக் கூடாது, ஏறுங்க. அந்தக் கடய பாத்துட்டு வாங்க" என்றார், தேவநாதனைப் பார்க்காமல்.

அவர்கள் ஏறினார்கள். வண்டி நகர்ந்தபோதுதான் துண்டு தன் மடியில் இருப்பதைக் கண்டு சத்யப்பிரியா அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். முந்திரி வறுக்கும்போது கொட்டையெண்ணெய் தெறித்து ஓரத்தில் பொத்தலாகிப்போன பழைய துண்டு. அது காற்றில் படபடத்தது. வெயிலில் நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றவர், அதை வாங்க வரவில்லை. இருக்கட்டும் என்பதுபோல இன்னொரு கையை ஆட்டினார்.