நான் இட்டுக்கட்டிய மூன்று வாரங்கள்

என் மனைவி சுமதி இறந்து ஐந்தாவது மாதம், ஒரு புதன்கிழமை, நான் என் மகளை மறந்துபோனேன்.

மறந்துபோனேன் என்பது முழுக்கச் சரியில்லை. அலுவலகம் முடிந்து, வாசலில் ஒப்படைத்திருந்த போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஐந்தே முக்காலுக்குக் காரில் ஏறியது நினைவிருக்கிறது. சைனிக்புரியில் மஹதிக்கு பாட்மின்டன் பயிற்சி ஆறு மணிக்கு முடியும். சாவியைத் திருப்பினால் போதும். திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். போனை ஆன் செய்யவும் இல்லை. காவலாளி கண்ணாடியைத் தட்டியபோது மணி ஏழரை.

பயிற்சியாளர் சுபாஸ்ரீயைக் கூப்பிட்டிருந்தார். சுபாஸ்ரீ சுமதியின் தங்கை. நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது வயது மஹதி அவளுடைய சித்தி வீட்டு சோபாவில் ஷூவைக் கழற்றாமலேயே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அத்தான். கொஞ்ச நாள் இவ எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க ஒரு கவுன்சலரைப் பாருங்க. அவங்க சரின்னு சொன்ன அன்னைக்கே நானே கொண்டுவந்து விடறேன்."

"நான் என்ன பைத்தியமா?"

"ரெண்டு மணி நேரம் காருக்குள்ள உக்காந்திருந்த ஆளு கேக்கற கேள்வியா இது?"

மஹதியின் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போனேன்.

கவுன்சலர் ஆக்னஸ் தூத்துக்குடிக்காரர். அல்வாலில் ஒரு பல் மருத்துவரின் மாடியில் அவருடைய அறை. பேசிக்கொண்டிருக்கும்போதே கீழே பல்லைக் குடையும் இயந்திரம் கேட்கும். "பயப்படாதீங்க சார், இங்க எதையும் பிடுங்க மாட்டோம்" என்றுதான் முதல் நாள் ஆரம்பித்தார். இரண்டு முறை என்னைப் பேசவிட்டுக் கேட்டார். மூன்றாம் முறை, கோடு போட்ட தாள்களைக் கொடுத்தார். காலை, மதியம், மாலை, படுக்கும்முன் என்று நான்கு கட்டங்கள். மனது எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றிலும் பத்துக்கு ஒரு எண், பக்கத்தில் ஒரு வரி. மூன்று வாரம் எழுதி எடுத்துவரச் சொன்னார்.

நான் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதகன். மற்றவர்கள் எழுதும் பதிவேடுகளைப் படித்து, அன்றன்று எழுதியது எது, கடைசி நாளில் உட்கார்ந்து நிரப்பியது எது என்று கண்டுபிடிப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. எங்கள் டெக்னீஷியன் நடேசன் ஒருமுறை பாகங்களைச் சுடும் சூளையின் வெப்பநிலையை எட்டு மணி நேரத்துக்கும் ஒரே எண்ணாக எழுதி என்னிடம் மாட்டிக்கொண்டான். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அப்படிப்பட்ட நான் மூன்று வாரமும் அந்தத் தாளைத் தொடவில்லை. ஆக்னஸைப் பார்க்க வேண்டிய நாளன்று காலை கான்டீனில் உட்கார்ந்து மொத்தத்தையும் நிரப்பினேன். தொழில் தெரிந்தவன் அல்லவா, நன்றாகவே செய்தேன். மூன்று பேனாக்கள். சில இடங்களில் அவசரக் கையெழுத்து. எண்கள் மெதுவாக ஏறின, நடுவில் இறங்கின, மறுபடி ஏறின. ஒன்பதாம் தேதி சுமதியின் பிறந்தநாள். அன்று காலைக்கு நாலு, மாலைக்கு ஆறு. ஒரு மூலையில் டீயைக்கூடச் சிந்தினேன்.

ஆக்னஸ் நிதானமாகப் படித்தார். முகம் மலர்ந்தது.

"சார், ரொம்ப நல்லா இருக்கு. இன்னைக்குச் சாயங்காலமே உங்க கொழுந்தியா கிட்டப் பேசறேன். பாப்பா வீட்டுக்கு வரலாம்."

எனக்கு வேண்டியது அதுதான். எழுந்திருக்கப் பார்த்தேன்.

"ஒண்ணே ஒண்ணு. ஒன்பதாம் தேதி காலையில நாலு. சாயங்காலம் ஆறு. நடுவுல என்ன பண்ணீங்க?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நடந்தேன்" என்றேன்.

"எவ்வளவு தூரம்?"

"ஏரி வரைக்கும்."

எழுதிக்கொண்டார். "சூப்பர் சார். மறுபடி நாலு வந்தா என்ன செய்யணும்னு இப்ப உங்களுக்குத் தெரியும்."

படியில் இறங்கினேன். கீழே தாடையைப் பிடித்தபடி நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போக முடியவில்லை. உண்மையான ஒன்பதாம் தேதி காலையிலிருந்து இரவு வரை நான் படுக்கையில் கிடந்தேன். அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். நாளைக்கு மஹதி வந்துவிடுவாள். அடுத்த வாரமே அந்த ஒன்பதாம் தேதி போல இன்னொரு நாள் வரும். நாலிலிருந்து ஆறுக்கு வரும் வழி எனக்குத் தெரியாது. அவள் எங்கேயோ, யாருடைய வாசலிலோ, ஷூவோடு உட்கார்ந்திருப்பாள்.

திரும்ப ஏறிப் போனேன்.

"மேடம், அது பொய். ஒன்பதாம் தேதி மட்டுமில்லை. எல்லாமே. இன்னைக்குக் காலையில எழுதினது."

ஆக்னஸ் தாளை மறுபடி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீக் கறையைத் தடவினார்.

"இதுவுமா?"

"ஆமா."

"அடப்பாவி மனுஷா" என்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அழுதேன். சுமதி போன பிறகு இன்னொருவர் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. நான் அழுது முடிக்கும்வரை அவர் உட்கார்ந்திருந்தார். பிறகு புதுத் தாள்கள் கொடுத்தார். "இந்தத் தடவை அழகா இருக்க வேணாம் சார். கட்டத்துக்கு நேரம் வர்றப்ப எழுதுங்க, போதும்."

அந்த மூன்று வாரத்துத் தாள் அசிங்கமாகத்தான் இருந்தது. இரண்டு, மூன்று, இரண்டு. ஒரு நாள் ஒன்று. ஆனால் எழுத எழுத, நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. இரவுகள்தான் மோசம் என்று நினைத்திருந்தேன். இல்லை, மாலை ஆறு மணிதான் மோசம். வேலை முடிந்து, கூப்பிட ஆளில்லாத போனைக் கையில் வாங்கும் நேரம். இருபது வருடமாக அந்த நேரத்தில் சுமதி கூப்பிடுவாள். பால் வாங்கி வரச் சொல்வாள், அல்லது வாங்க வேண்டாம் என்பாள்.

மூன்று வாரம் முடியும் முன்பே போனில் ஆக்னஸிடம் இதைச் சொன்னேன். "அந்த ஆறு மணியைத் தனியா விடாதீங்க" என்றார்.

நடேசன் தினமும் அல்வாலுக்கு பஸ் பிடிப்பவன். மறுநாள் அவனருகில் காரை நிறுத்தினேன்.

"என்ன சார், புது ஆடிட்டா?" என்று தயங்கினான்.

"ஏறுய்யா."

வழி முழுக்க அவன் மாமியாரைப் பற்றிப் பேசினான். அந்தம்மா ஊரிலிருந்து இரண்டு வாரம் என்று வந்து எட்டு மாதமாகிறதாம். டிவி ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாராம். நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கட்டத்தைப் பார்த்தபோது இரண்டு என்று எழுத மனம் வரவில்லை. "நாலு. நடேசனின் மாமியார்" என்று எழுதினேன். சுமதி போன பிறகு அதுதான் பெரிய எண்ணாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் முடிந்ததும் அந்தத் தாளை ஆக்னஸுக்கு முன்பே சுபாஸ்ரீயிடம் கொண்டுபோனேன். இந்த எண்களைப் பார்த்தால் மகளைத் தரமாட்டாள் என்று தெரியும். ஆனாலும் அவளிடம் இனி வேறு எதையும் காட்ட முடியாது என்று தோன்றியது. சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். ஒன்று என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"அன்னைக்கு எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு அத்தான். அக்காவோட துணியை எடுத்துப் பாத்தேன். எங்கிட்ட யாரும் தாள் கொடுத்து எழுதச் சொல்லல."

அடுப்பை அணைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு கணக்கு சொன்னாள். மஹதி சனிக்கிழமை என்னிடம் வரலாம். பயிற்சி முடிந்து அவளைக் கூட்டிவர நான்தான் போக வேண்டும். ஆனால் அன்று என் எண் மூன்றுக்குக் கீழே என்றால், ஐந்தரைக்குள் போன் செய்து எண்ணைச் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டாம்.

"அப்படிச் சொன்னா அவளைத் திரும்ப எடுத்துக்குவியா?"

"சொல்லாம இருந்தாத்தான் எடுத்துக்குவேன்."

மஹதி வந்தாள். முதல் ஒன்பது நாள் நானே போனேன். பத்தாம் நாள் மதியத்திலிருந்தே கை கால் ஓடவில்லை. ஐந்து மணிக்கு அனுமதி வாங்கி வாசலுக்கு வந்து, போனை வாங்கி, பத்து நிமிடம் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு எண்ணைச் சொல்ல ஐம்பது வயது ஆளுக்கு இவ்வளவு வெட்கமா என்று நினைத்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"சுபா, இன்னைக்கு ரெண்டு."

"சரி அத்தான். நான் போறேன். நீங்க காருக்குள்ள உக்காராதீங்க. நேரா இங்க வாங்க."

நடேசனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அவனை இறக்கிவிட்டு சைனிக்புரியில் சுபாஸ்ரீ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மஹதி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாய் நிறையத் தோசையோடு, "டாடி, சித்தி வாஸ் ஆன் டைம்" என்றாள். ஏதோ நானே வந்து கூட்டிக்கொண்டு போனது போலச் சொன்னாள். பக்கத்து நாற்காலியில் கிடந்த பாட்மின்டன் மட்டைப் பையைக் கீழே இறக்கி வைத்தாள். நான் உட்கார்ந்தேன்.