சிவப்புக் கண் ஈக்கள்

மே மாதத்து அடையாறில் மாம்பழம் வந்தால் கூடவே பழ ஈயும் வந்துவிடும். எங்கள் ஆய்வகத்துக்கோ பழ ஈதான் பிழைப்பு. குழாயில் வளர்க்கும் ஈக்களோடு கேன்டீன் ஈ ஒன்று கலந்தால்கூட எங்கள் கைடு சிதம்பரநாதன் சார் நாள் முழுக்கத் திட்டித் தீர்ப்பார்.

என் தோழி ஃபிசாவின் ஆராய்ச்சி இன்சுலேட்டர் பற்றியது. டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்து ஜீன்களுக்கு நடுவே நிற்கும் தடுப்பு அது. ஒரு ஜீனை முடுக்கும் கட்டளை அடுத்த ஜீனைத் தொடாமல் நிறுத்திவிடும். அவள் தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டளையையும் இந்தப் பக்கம் கண்ணுக்கு நிறம் தரும் ஜீனையும் வைத்து ஈக்களுக்குள் செலுத்தியிருந்தாள். தடுப்பு நின்றால் கண் வெளிர் மஞ்சள், உடைந்தால் சிவப்பு. எந்தத் துண்டை நறுக்கினால் உடைகிறது என்று வருஷக்கணக்கில் தேடினாள். எல்லாம் மஞ்சளாகவே வந்துகொண்டிருந்தன.

ஒரு நாள் ஒரே ஒரு குழாயில் சிவப்புக் கண்கள்.

"சார், இது நம்ம ஈதானோன்னு தோணுது" என்றாள்.

"நம்ம ஈயாவது! எவனோ இங்க மாம்பழம் தின்னிருக்கான். கேன்டீன் ஈக்கும் கண்ணு சிவப்புதான். மத்த குழாய்க்குப் பரவறதுக்குள்ள கொட்டும்மா."

ஒரு ஜோடியையாவது ஒளித்து வை என்று நான் ஜாடை காட்டினேன். மகராசி, எல்லாவற்றையும் வேண்டாத ஈக்களைக் கொன்று போடும் ஸ்பிரிட் பாட்டிலில் கொட்டினாள்.

சந்தேகம் மட்டும் அவளை விடவில்லை. சில வாரம் கழித்து அந்தப் பாட்டிலை வடிகட்டி, சிவப்புக் கண் ஈக்களைப் பொறுக்கி டி.என்.ஏ.வைப் படிக்கக் கொடுத்தாள். கேன்டீன் ஈயில் அவள் வைத்த ஜீன் இருக்காது. இவற்றில் இருந்தது. தடுப்பில் ஒரு சின்னத் துண்டு மட்டும் இல்லை. தேடிய துண்டு அதுதான்.

முடிவைச் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"செத்த ஈயை வச்சு யாரை நம்பவைக்கிறது? உயிரோட ஒரு ஜோடி இருந்தா வளர்த்துக் காட்டலாம். ஏம்மா, அன்னிக்கே அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாக உருவாக்க ஒரு வருஷம் ஆகும். அவளுடைய உதவித்தொகையோ அடுத்த மாதம் முடிகிறது.

திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஃபிசா அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள்.

"அவரை விடு சிந்து. அவரு கொட்டச் சொன்னாரு, அவ்வளவுதான். அது நம்ம ஈன்னு எனக்குத் தெரியும்டீ. தெரிஞ்சே கொட்டினேன்."