மாட்டிவிட்ட தோள்

கதவுத் தச்சர், வலது கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு, கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடையாய் நடந்தார். ஏணியிலிருந்து விழுந்து நழுவிப்போன தோளை ஆஸ்பத்திரியில் மறுபடி மூட்டுக்குள் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஏறிய கணமே, உயிர் போகிற வலி அடங்கிவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. வலி போனால் எல்லாம் போயிற்று என்பது அவர் கணக்கு.

"கொஞ்சம் உக்காருங்களேன், தரை தேஞ்சிடப்போகுது" என்றாள் மனைவி.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்து வாசக்கதவை மாட்டணும். நான் போகலன்னா வேற ஆளு மாட்டிடுவான்."

"உள்ள கிழிஞ்ச சதை ஆற மாசக்கணக்காகும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? கையைத் தலைக்கு மேல தூக்கவே கூடாதாம்."

நாற்காலியில் சாய்ந்திருந்த சகலை சிரித்தான். அவள் தங்கையின் கணவன். தச்சருக்குத் தொழிலிலும் கூட்டாளி. "ஏன்க்கா, கீல் கழண்ட கதவை மாட்டிட்டு ஓய்வெடுன்னா சொல்றோம்? அசைக்காம வச்சாத்தான் துருப்பிடிக்கும்."

தச்சருக்கு அது போதும். மனைவி மாடிக்குத் துணி எடுக்கப் போனதும் தொட்டிலைக் கழற்றி எறிந்தார். பரண்மேல் இருந்த உளிப்பெட்டியை எட்டினார்.

"பாத்தியா, எப்படிப் போகு—"

தோளுக்குள் ஏதோ வழுக்கி இறங்கியது. அவர் அப்படியே சுவரோரம் சரிந்தார்.

"பதறாதீங்கண்ணே, ஒரே இழுப்பு!" சகலை ஓடிவந்து மணிக்கட்டை இறுகப் பிடித்தான். அக்குளில் முழங்காலை முட்டுக் கொடுத்தான்.

ஊரில் யாருக்குத் தோள் இறங்கினாலும் தச்சரே சொல்லிவந்த வைத்தியம்தான் அது. ஆனால் இப்போது அவருடைய சுண்டுவிரலைக் காணவில்லை. பார்த்தால் இருந்தது, கண்ணை மூடினால் இல்லை. பக்கத்து விரலும் அதன் பின்னாலேயே மரத்துக்கொண்டு வந்தது. உளி பிடிக்கிற கை.

"விடுடா!"

"ஒரு நிமிஷம்ணே, பல்லைக் கடிச்சுக்கோங்க..."

"இழுத்தே, இடக்கையாலேயே உன் பல்லைக் கழட்டிடுவேன். போய் வண்டிய எடு!"

சத்தம் கேட்டு மனைவி இறங்கி வந்தாள். தரையில் கிடந்த தொட்டிலைப் பார்த்தாள். தலையணை ஒன்றை எடுத்து, தொங்கிய கைக்கும் விலாவுக்கும் நடுவே அணைவாக வைத்தாள்.

"திட்டிடு" என்றார் அவர்.

"வண்டியில திட்டறேன். முதல்ல விரல ஆட்டுங்க."

அவர் ஆட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அசைந்தன.

"எல்லா விரலையும்" என்றாள் அவள்.

"எல்லாத்தையும்தான் ஆட்டறேன்."