தொங்கிய முனை

மூன்றாம் மாடியில், செவிலியர் மேசைக்குப் பின்னாலிருந்த மர அலமாரியின் ஓரமாக, சாம்பல் நிறக் கேபிள் ஒன்றின் முனை தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கிக்கொண்டிருந்தது. பிரிண்டரில் சிக்கிய தாளை உருவியெடுத்துவிட்டு நிமிர்ந்தவள் அதைக் கண்டாள். அலமாரித் தட்டில், அந்த மாடியின் கணினிகளை வலையில் இணைக்கும் கையகலச் சுவிட்ச் பெட்டி ஒன்று பச்சை விளக்குகளை இமைத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு துளை வெறுமையாக இருந்தது. நினைப்பதற்குள் கை முந்திக்கொண்டது. முனையை எடுத்து, வாயால் தூசியை ஊதி, அத்துளையில் பொருத்தினாள். ‘டக்’கென்ற சிற்றொலி எழுந்தது. அவ்வொலியைக் கேட்டால் அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று தன் இடம் சேர்ந்து அமரும்.

அந்த மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்திலேயே அவளது இளமை முழுதும் கழிந்திருந்தது. அவள் சேர்ந்த நாளில் அது, ஆலின் விழுதுகளைப்போல் கம்பிகள் முன்னால் விழுந்து கிடக்கும் பழைய பலகை. எந்தக் கம்பியையும் தொங்கவிடலாகாது என்பதே அங்கே முதற்பாடம். தொங்கும் கம்பி என்றால் எங்கோ ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கிறார், அவரை நாம் மறந்துவிட்டோம் என்று பொருள். பின்னர் பொத்தான் பலகை வந்தது. அதன்பின் தொலைபேசிகள் அனைத்தும் கணினி வலையிலேயே ஏறிக்கொள்ள, இணைப்பகத்தின் கதவு பூட்டப்பட்டது. உடனிருந்தவர்கள் விடைபெற்றுப் போனார்கள். அவளால் போக இயலவில்லை. தையற்காரனான அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்திருந்தன. ஊழியர் வீட்டாருக்கு அங்கே கட்டணமின்றி டயாலிசிஸ் உண்டு. ஊழியம் போனால் அதுவும் போகும். எந்த வேலை என்றாலும் தாருங்கள் என்று அவள் நிர்வாகியின் அறைவாசலில் நின்றபோது, நெட்வொர்க் வேலையைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். தேறினாள் என்று அப்பிரிவின் தலைவர் மாதக் கடைசிக்குள் எழுதித் தந்தால்தான் வேலை நிலைக்கும். அவரை எல்லோரும் வலைக்காரர் என்பார்கள். அவளினும் வயதில் மிக இளையவர், கடுகடுப்பானவர், ஆயினும் ஒருமுறைக்கு இருமுறை சொல்லிக்கொடுக்கத் தயங்காதவர்.

கற்பது எளிதாயில்லை. புள்ளி வைத்துப் பிரித்த எண்களால் ஆன முகவரிகள் அவள் மனத்தில் நில்லாமல் நழுவின. காலையில் விளங்கியது மாலையில் மறந்தது. பிங் என்னும் சிறு கட்டளை மட்டும் முதல் நாளிலேயே கைவந்தது. இருக்கிறாயா என்று கேட்டு அனுப்ப வேண்டும், இருக்கிறேன் என்ற மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும். இணைப்பகத்திலும் வழிபாட்டிலும் அவள் வாழ்நாளெல்லாம் செய்து வந்தது அதுவே. இணைப்பகத்தில் மறுமொழி விரைவில் வரும்.

மூன்றாம் மாடியில் மீதி வேலைகளை முடித்துவிட்டுப் படியிறங்கும்போதே கட்டடம் ஊமையாகிவிட்டதை உணர்ந்தாள். எங்கேனும் ஒரு மூலையில் மணியடித்துக்கொண்டே இருக்கும் அவ்விடத்தில், ஒரு தொலைபேசியும் ஒலிக்கவில்லை. பதிவு மேசையில் எழுத்தர் கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஆய்வகத்து ஜன்னலில், முடிவுகளைக் கையால் எழுதித் தரச்சொல்லி ஒரு கூட்டம் நெருக்கியது. டயாலிசிஸ் பிரிவின் செவிலி ஓடி வந்தாள்.

“அக்கா, உங்க அண்ணனோட பிளட் ரிசல்ட் இன்னும் வரல. அதப் பாக்காம டாக்டர் மெஷின்ல போட மாட்டேங்கறாரு. ஏற்கெனவே மூச்சு வாங்குது. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க.”

வலைக்காரர் ஊருக்கு வெளியேயுள்ள கிளைக்குப் போயிருந்தார். சர்வர் அறைக்குள் நுழைந்து அவள் பிங் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவரிடமிருந்து கைபேசி அதிர்ந்தது.

“மேடம், என்னதான் நடக்குது அங்க? எல்லாம் படுத்துடுச்சுன்னு போன் மேல போன் வருது.”

“தெரியல சார். எதுக்கு பிங் போட்டாலும் பதிலே இல்ல.”

“பெரிய சுவிட்ச்சப் பாருங்க. லைட்டெல்லாம் எப்படி எரியுது?”

வழக்கமாக அவை ஒன்று இமைக்க ஒன்று ஓயும், மழைக்காலத்து மின்மினிகளைப்போல. இன்றோ அத்தனையும் ஒருங்கே துடித்தன.

“வெறி புடிச்ச மாதிரி அடிச்சுக்குது சார். எல்லாமே ஒண்ணா.”

“லூப்பு.” அவர் பெருமூச்சு விட்டார். “எவனோ ஒரே ஒயரோட ரெண்டு முனையையும் ஒரே பெட்டியில சொருகிட்டான். உள்ள போனது வெளிய வந்து, திரும்ப உள்ள போயி, அதுவே சுத்திச் சுத்திக் கத்திக்கிட்டு இருக்கும். மத்தவங்க பேச எடமே இருக்காது. ஒவ்வொரு மாடி ஒயரா கழட்டிக் கழட்டி மாட்டுங்க. எதக் கழட்டினா அடங்குதோ, அங்கதான் ஆளு.”

தரைத்தளத்துக் கம்பியைக் கழற்றினாள். துடிப்பு நிற்கவில்லை. மீண்டும் பொருத்தினாள். முதல் மாடியையும் இரண்டாம் மாடியையும் கழற்றிப் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் மாடியின் கம்பியைத் தொட்டபோது விரல் தயங்கியது. ஏனென்று அறிந்துகொள்ள அவள் மனம் அப்போது விரும்பவில்லை. இழுத்தாள்.

காற்று ஓய்ந்த குளம்போல விளக்குகள் அடங்கின. ஒவ்வொன்றாய், நிதானமாய், இமைக்கத் தொடங்கின. தாழ்வாரத்தின் கோடியில் ஒரு தொலைபேசி அடித்தது.

“அடங்கிடுச்சு சார். மூணாவது மாடி.”

“அடேயப்பா, தேறிட்டீங்க! மேல போய் அந்த ஒயரப் புடுங்குங்க. லைன்லயே இருக்கேன்.”

படிகள் இம்முறை மிகப் பலவாயிருந்தன. அலமாரியின் முன் மண்டியிட்டு, காலையில் தான் பொருத்திய கேபிளின்மேல் விரலை வைத்து, அதன் வழியே தடவிக்கொண்டு போனாள். அது அலமாரியின் பின்புறம் இறங்கி, அதன் காலைச் சுற்றி, சுவரோரம் ஏறி, அதே பெட்டியின் மறுகோடியில் போய் நுழைந்தது. அங்கிருந்த கணினியை என்றோ அப்புறப்படுத்தியிருக்கிறார்கள். கம்பியின் ஒரு முனை பெட்டியிலேயே தங்கிவிட, மறுமுனை தொங்கிக் கிடந்திருக்கிறது. தொங்கியபடியே அது யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பெண் துடைப்பதை நிறுத்தினாள்.

“என்னம்மா, காலையிலதான சரி பண்ணிட்டுப் போனீங்க? மறுபடியும் மக்கர் பண்ணுதா?”

அவள் முனையைப் பிடுங்கினாள். காதருகே வலைக்காரரின் குரல் இளகியிருந்தது.

“கிடைச்சுதா? அந்தப் பெருக்குற அம்மாவாத்தான் இருக்கும். முன்னாடியும் இப்படித்தான் எதையோ இழுத்து வெச்சுது. அதோட சூப்பர்வைசர்கிட்ட சொல்லி ஆள மாத்திடலாம். நீங்க தனியா நின்னு கண்டுபிடிச்சீங்க பாருங்க, அதுதான் மேடம் வேலை. மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே எழுதிக் குடுத்துடறேன்.”

துப்புரவுப் பெண் வாளியில் துணியைப் பிழிந்தாள். கலங்கல் நீர் ஒழுகுவதைப் பார்த்தபடி அவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பேசாதிருந்தாலே போதும். ஒரு சொல்லும் பொய்யாகாது. அண்ணனின் கட்டில் அண்ணனுக்கே இருக்கும். ஆண்டவனே என்று உள்ளுக்குள் அழைத்துப் பார்த்தாள்.

“சார்... நான்தான் சொருகினேன்.”

“என்னது?”

“காலையில பிரிண்டர் பாக்க வந்தப்ப. நான்தான்.”

“ஏன் மேடம்?” அதில் சினமில்லை. புரியாமையே இருந்தது.

“தொங்கிட்டு இருந்துச்சு.”

துப்புரவுப் பெண் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு, மீண்டும் குனிந்து துடைக்கத் தொடங்கினாள்.

“லேப் நின்னிருக்கு, ஆபரேஷன் தியேட்டர் நின்னிருக்கு. இத நான் மறைக்க முடியாது மேடம். மேல பேசிட்டு நானே கூப்பிடறேன். கழட்டின மாடிய மாட்டிடுங்க.”

மாட்டினாள். எதற்கும் பிங் போட்டுப் பார்த்தாள். எல்லாப் பெட்டிகளும் இருக்கிறேன் இருக்கிறேன் என்றன. பிறகு டயாலிசிஸ் பிரிவுக்குப் போனாள். முடிவு வந்துவிட்டது, அண்ணனை இயந்திரத்தோடு இணைத்தும்விட்டார்கள். வீங்கிய முகத்தில் கண்கள் சிறுத்திருந்தன. அவளைக் கண்டதும் உதடு மட்டும் கோணிச் சிரித்தது.

“ஏ ஆபரேட்டரம்மா, என்னைய ஹோல்டுல போட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்ச?”

“வேலை இருந்துச்சு.”

“லைன் கிடைச்சுதா?”

“ம். கிடைச்சுது.”

“நீ இருக்கறப்ப எனக்கென்ன கொறச்சல்” என்று சொல்லிவிட்டு அவன் கண்களை மூடிக்கொண்டான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். கைபேசியை மடியில் வைத்தாள். அண்ணனின் கையிலிருந்து ஒரு குழாய் செந்நிறமாய்ப் புறப்பட்டது. அவள் பார்வை அதன் வழியே போயிற்று. அது இயந்திரத்துள் நுழைந்து, சுழன்று, மற்றொரு குழாயாய் வெளிவந்து, கட்டிலின் விளிம்பில் வளைந்து, புறப்பட்ட அதே கையில் வந்து சேர்ந்தது. அவள் மீண்டும் தொடக்கத்திலிருந்து பார்த்தாள். ஒரே கை. இரு முனைகளும் அதில்.

விளிம்பைத் தாண்டிக் குழாயின் ஒரு வளைவு தாழத் தொங்கியது. அவள் கை தானாக எழுந்தது. பாதிவழியில் நின்றது. மடியில் கைபேசி அதிரத் தொடங்கியபோதும், அந்தக் கை அந்தரத்திலேயே இருந்தது.